தடைகளைத் தாண்டிய வால்டர் டல்

திடலில் பந்தை உதைத்துப் புகழ் பெற்றோர் பலர். களத்தில் படை நடத்திப் புகழ் பெற்றோரும் பலர். திடலில் நிறத்தின் பொருட்டு வசைமொழி கேட்டு, களத்தில் நிறத்தின் பொருட்டே சட்டத்தின் தடையை எதிர்கொண்டு, இரண்டிடத்தும் தம் ஆற்றலால் உயர்ந்து நின்றோர் வெகு சிலரே. அவருள் ஒருவர் இங்கிலாந்தில் பிறந்து வாழ்ந்த வால்டர் டல். அவரது வாழ்க்கை விளையாட்டு வரலாற்றின் ஒரு பக்கம் மட்டுமன்று. சட்டமும் மனிதத் தகுதியும் மோதிக்கொண்ட வரலாறும் ஆகும்.

வால்டர் 1888ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், கெண்ட் மாநிலத்தின் கடற்கரை நகராகிய போக்ஸ்டனில் பிறந்தார். தந்தை டேனியல் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான பார்படோசிலிருந்து குடியேறிய தச்சர். தாய் ஆலிஸ் கெண்ட் மாநிலத்தைச் சேர்ந்த வெள்ளைக்காரப் பெண்மணி. தந்தைவழிப் பாட்டனார் பார்படோசில் அடிமையாய் வாழ்ந்தவர். அத்தீவின் செல்வமெல்லாம் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் சிந்திய வியர்வையில் விளைந்தது. அடிமை வாழ்வும் ஒப்பந்தக் கூலி வாழ்வும் ஒன்றல்ல. ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் புரொவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த தமிழர்தம் வரலாற்றை அறிந்த நமக்கு, அப்பாட்டனாரின் பேரன் எத்துணைத் தொலைவு நடந்து வந்தார் என்பதை உணர்தல் அரிதன்று.

இளமை அவருக்கு இன்பம் தரவில்லை. 1895இல் தாய் மறைந்தார்; 1897இல் தந்தையும் மறைந்தார். வறுமையில் வாடிய சிற்றன்னையால் பிள்ளைகள் அனைவரையும் வளர்க்க இயலவில்லை. எனவே 1898இல் வால்டரும் அண்ணன் எட்வர்டும் இலண்டன் பெத்னல் கிரீன் பகுதியிலிருந்த மெத்தடிஸ்ட் திருச்சபையின் அநாதை இல்லத்தில் சேர்க்கப்பட்டனர். சில ஆண்டுகளில் எட்வர்டை கிளாஸ்கோ நகரத்துக் குடும்பமொன்று தத்தெடுத்தது. அவர் பின்னாளில் பல் மருத்துவரானார். பெற்றோரை இழந்த வால்டர் உடன்பிறந்தாரையும் பிரிந்தார். இல்லத்திலேயே வளர்ந்து அச்சுத் தொழில் பயின்ற அவருக்கு, அங்கிருந்த காற்பந்துக் குழுவே புதிய வாயிலைத் திறந்தது.

1908இல் அவர் கிளாப்டன் என்னும் பயில்முறைக் குழுவில் சேர்ந்தார். அப்பருவத்தில் அக்குழு மூன்று கோப்பைகளை வென்றது. 1909இல் டோட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் குழு அவரை ஏற்றுக்கொண்டு, அர்ஜென்டினா, உருகுவே நாடுகளுக்கான பயணத்தில் அழைத்துச் சென்றது. அவ்வாண்டு செப்டம்பரில் சண்டர்லாந்துக்கு எதிராக அவர் முதற்பிரிவு ஆட்டத்தில் இறங்கினார். இங்கிலாந்தின் தொழில்முறைக் காற்பந்தில் ஆடிய முதற்கறுப்பர் அவர் என எண்ணிவிடலாகாது. அவருக்கு முன்பே ஆர்தர் வார்ட்டன் என்பார் இலக்குக் காவலராக விளங்கியிருந்தார். முன்னோடிகளின் சிறு வரிசையில் டல்லும் ஒருவர் எனலே வரலாற்றுக்குப் பொருந்தும்.

1909 அக்டோபரில் பிரிஸ்டல் நகரில் நடந்த ஆட்டமொன்றில், பார்வையாளருள் ஒரு சாரார் அவர் நிறத்தைக் குறித்து இழிமொழிகளை வாரி இறைத்தனர். ஆட்டத்தைக் கண்டெழுதிய செய்தியாளர் அக்கூட்டத்தைக் கண்டித்தார்; சினம் கொள்ளாது ஆடிய டல்லின் பண்பையும் திறனையும் பாராட்டினார். ஆயினும் அதன் பின்னர் முதற்குழுவில் அவருக்கு வாய்ப்பு அருகியது. டோட்டன்ஹாமுக்காக அவர் ஆடிய முதற்பிரிவு ஆட்டங்கள் பத்து மட்டுமே.

சோர்ந்திருக்க வேண்டிய அந்நிலையில் 1911இல் நார்த்தாம்டன் குழு அவரை அழைத்துக்கொண்டது. அதன் நிருவாகி, பின்னாளில் ஆர்சனல் குழுவைப் பெருமைக்கு உயர்த்திய ஹெர்பர்ட் சாப்மன். தகுதி அறிந்து இடம் கொடுப்போர் ஒருவர் இருந்தால் திறமை எவ்வாறு மலரும் என்பதற்கு அவ்வாண்டுகள் சான்று. நடுவரிசை ஆட்டக்காரராக நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடி, அந்நகர மக்களின் அன்பைப் பெற்றார்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. அவ்வாண்டு டிசம்பரில், காற்பந்தாட்டக்காரர்களையும் அவர்தம் ஆதரவாளர்களையும் கொண்டு அமைக்கப்பெற்ற மிடில்செக்ஸ் படையணியின் பதினேழாம் பிரிவில் டல் சேர்ந்தார். விரைவில் சார்ஜண்டாக உயர்ந்தார். பிரான்சின் பதுங்குகுழி வாழ்க்கை அவரது மனநலத்தைக் குலைத்தமையால், 1916இல் சிகிச்சைக்காகத் தாயகம் அனுப்பப்பட்டார். நலம் பெற்றபின் மீண்டும் களம் சென்று சோம் போரில் பங்குகொண்டார்.

இங்கேதான் அவர் வாழ்வின் திருப்பம் நிகழ்ந்தது. ஐரோப்பிய வழித்தோன்றல் அல்லாதார் அதிகாரியாக ஆணையிடுதலை, 1914ஆம் ஆண்டின் இராணுவச் சட்டக் கையேடு தடுத்திருந்தது. ஆயினும் மேலதிகாரிகள் அவரை அதிகாரிப் பயிற்சிக்குப் பரிந்துரைத்தனர். ஸ்காட்லாந்தில் பயிற்சி முடித்து, 1917 மே மாதம் அவர் இரண்டாம் லெப்டினண்ட் ஆனார். விதி ஏட்டில் அப்படியே இருந்தது. மனிதரோ அதைத் தாண்டிச் சென்றார். சோம் போரில் அதிகாரிகள் பெருமளவில் மடிந்திருந்த காலம் அது என்பதையும் நாம் மறத்தலாகாது. தேவை கதவைத் தட்டியபோது விதி விலகி நின்றது. தகுதியுடையவர் அவ்வழியே உள்ளே சென்றார்.

வெள்ளையரான வீரர்கள் அவர் ஆணைக்குக் கீழ்ப்படிந்தனர். இத்தாலியின் பியாவே ஆற்றங்கரையில், 1918 தொடக்கத்தின் கடுங்குளிரில், அவர் இருபத்தாறு வீரருடன் ஆற்றைக் கடந்து பகைவர் எல்லைக்குள் சென்றார். அனைவரையும் உயிருடன் மீட்டு வந்தார். தளபதி லாபர்டு அவருடைய துணிவையும் நிதானத்தையும் பாராட்டி எழுதினார். திடலில் வசைமொழிக்கு நடுவே அவரைக் காத்த நிதானமே, களத்தில் இருபத்தாறு உயிர்களைக் காத்தது போலும்!

அவ்வாண்டு மார்ச்சில் செர்மானியர் பிரான்சில் பெருந்தாக்குதல் தொடுத்தனர். மார்ச் 25ஆம் நாள் பாவ்ரோய் என்னும் சிற்றூரருகே டல் குண்டடிபட்டு வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 29. அவர் உடலைத் தூக்கி வர வீரர்கள் முயன்றும் முடியவில்லை. அவருள் முன்னாள் காற்பந்தாட்டக்காரர் ஒருவரும் இருந்தார். உடல் கிடைக்கவேயில்லை. வீரச் சிலுவைப் பதக்கத்திற்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டதென உடன் பணியாற்றிய அதிகாரி எட்வர்டுக்கு எழுதினார், பதக்கமோ வழங்கப்படவில்லை.

வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நட்டுப் பெயரும் பீடும் எழுதிய மரபு நம்முடையது. டல்லின் பெயர், உடல் கிடைக்காத ஏறக்குறைய 35,000 வீரரின் பெயர்களோடு அராஸ் நகர நினைவுமண்டபத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. எனினும் அவர் பீட்டை நாடு நெடுங்காலம் மறந்திருந்தது. 1999இல்தான் நார்த்தாம்டன் குழுவின் விளையாட்டரங்கருகே அவருக்கு நினைவுச்சின்னம் எழுந்தது. 2018இல், அவர் மறைந்து நூறாண்டு நிறைந்தபோது, அஞ்சல்தலையிலும் அவர் உருவம் இடம்பெற்றது.

இவ்வரலாற்றை மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர், வெற்றியை மட்டும் சொல்லி நிறுத்துதல் முறையன்று. பிரிஸ்டலில் ஒலித்த வசைமொழியையும், ஏட்டில் நின்ற விதியையும், கொடுக்கப்படாத பதக்கத்தையும் சேர்த்தே சொல்லவேண்டும். விதி தவறாயிருக்க, அதைத் தாண்டும் சுமையை ஒரு மனிதர்மேல் ஏற்றி வைத்துவிட்டு, தாண்டியபின் அவரைப் போற்றுவது மட்டும் நீதியாகாது. நம் வகுப்பறையிலும் பள்ளித் திடலிலும் எந்த மாணவர்முன் எத்தகைய தடை நிற்கின்றது என்று ஆராய்ந்து, அதை அகற்றுவதே டல்லுக்கு நாம் செய்யும் மெய்யான சிறப்பாகும்.