காற்றில் விட்ட செய்தி

திருக்கோணமலைத் துறைமுகத்தின் சிறப்பைக் கூறுவோர் அதன் ஆழத்தையும் அரணாக நிற்கும் குன்றுகளையுமே பெரிதும் எடுத்துரைப்பர். செய்தி வந்து சேரும் வேகமும் அத்துறைக்கு ஓர் அரணாக இருந்தது என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

இலங்கையில் 1858ஆம் ஆண்டு கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக்கம்பி இழுக்கப்பட்டது. கம்பியிற் செல்லும் செய்தியைக் கம்பியைத் தொட்டவனன்றிப் பிறன் அறியான். ஆயினும் அது நங்கூரம் எடுத்த கப்பலைப் பின்தொடர மாட்டாது. கொடியும் விளக்கும் கண்ணுக்கு மறைந்ததும் கப்பல் ஊமையாகிவிடும். அக்குறையைத் தீர்க்க வந்ததே கம்பியில்லாத் தந்தி. தமிழ்ப் பேச்சிலே தன் பெயரை விட்டுச் சென்ற 'எம்டன்' கப்பலின் வீரர்கள் 1914 நவம்பரில் கொக்கோஸ் தீவில் இறங்கிக் கடலடிக் கம்பியை வெட்டினர். அதற்குள் அந்நிலையத்தார் காற்றில் விட்ட அபயக்குரல் 'சிட்னி' என்னும் போர்க்கப்பலை வரவழைத்துவிட்டது. எம்டன் அன்றே அழிந்தது.

ஆனால், காற்றில் விட்ட செய்தியைப் பகைவனும் கேட்பான். 1942 ஏப்ரல் 4ஆம் நாள், கொக்கலவிலிருந்து பறந்த கனடிய விமானி பேர்ச்சல், ஐந்து விமானந்தாங்கிகளோடு வந்த யப்பானியக் கடற்படையைக் கண்டார். செய்தியை மூன்று முறை அனுப்புவது விதி. மூன்றாம் முறை முடியுமுன் விமானம் சுடப்பட்டது. சிறைப்பட்ட பேர்ச்சல், தாம் எதுவும் அனுப்பவில்லை என்று சாதித்தார். அவ்வேளை பார்த்துக் கொழும்பு நிலையம், செய்தியைத் திருப்பிச் சொல்லுமாறு அவரையே அழைத்தது! யப்பானியர் அதைக் கேட்டனர்; அடி விழுந்தது. எச்சரித்த கருவியே எச்சரித்தவரைக் காட்டிக்கொடுத்தது.

ஆகவேதான் போர்க்கப்பல்கள் கடலில் வாய்திறவாது சென்றன. பேசுவதற்கென்று செய்த கருவியை ஊமையாக வைத்திருப்பதே பாதுகாப்பாயிற்று, விந்தைதான்.

ஏப்ரல் 8 இரவு, தாக்குதலை எதிர்பார்த்து, 'ஹெர்மிஸ்' என்னும் விமானந்தாங்கியும் 'வாம்பயர்' என்னும் நாசகாரியும் திருக்கோணமலையை விட்டுத் தெற்கே சென்றன. மறுநாட் காலை துறைமுகத்தின்மீது குண்டுகள் விழுந்தன. மட்டக்களப்புக்கு அப்பால் அவ்விரு கப்பல்களையும் யப்பானிய வேவு விமானம் ஒன்று கண்டு, தன் படைக்கு அறிவித்தது. இம்முறை காற்றிற் சென்ற செய்தியைப் பிரித்தானியர் ஒட்டுக்கேட்டனர். 'உடனே திரும்புக' என்ற கட்டளை கப்பல்களுக்குப் பறந்தது. கட்டளை போன வேகத்தில் கப்பலால் ஓட இயலவில்லை. ஹெர்மிஸின் விமானங்களோ சீனக்குடாவிற் கரையில் நின்றன. காவலுக்கு அனுப்பிய விமானங்கள் வந்தபோது அக்கப்பல் மூழ்கிவிட்டது. அதில் 307 பேர் மாண்டனர். உயிர் தப்பியோரிற் பெரும்பாலோரை 'வீற்றா' என்னும் மருத்துவக் கப்பல் மீட்டது.

ஹெர்மிஸ் இன்றும் மட்டக்களப்புக் கடலடியிற் கிடக்கிறது.