நோயாளர் இசைவு: பிரெசுலா வழக்கும் பிரசிய ஆணையும்

மருத்துவ ஆய்வுக்கு உட்படுவோரின் இசைவு பெறாது ஆய்வு நிகழ்த்தலாகாது என்னும் விதி 1947ஆம் ஆண்டு நியூரம்பர்க்கு நீதிமன்றத்தில் முதன்முதலாகத் தோன்றியது என்று எழுதுவோர் பலர். அக்கூற்று ஆய்ந்து கொள்ளத்தக்கது. அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டின் முன்னரே அவ்விதி எழுத்தில் நின்றது. நின்ற இடமும் செருமானிய நாடேயாம்.

பிரெசுலா நகரில் (இன்று போலந்து நாட்டின் விரோத்சுவாஃப்) தோல்நோய்ப் பேராசிரியராக விளங்கியவர் ஆல்பர்ட் நைசர். வெட்டை நோயின் கிருமியை 1879இல் கண்டறிந்து புகழ் எய்தியவர். சிபிலிசு நோய்க்குத் தடைமருந்து காணும் வேட்கையால், அந்நோயுற்றாரின் குருதியினின்று பிரித்த தெளிநீரை, வேறு நோய்களுக்காக மருத்துவமனை புகுந்த பெண்களின் உடலில் 1892இல் ஏற்றினார். அவருட் சிலர் விலைமகளிர். ஏற்றப்படுவது இன்னதென அவர்க்கு உரைத்தாருமில்லை. அவர் விருப்பத்தைக் கேட்டாருமில்லை. பின்னர் அவருட் சிலரை அந்நோய் பற்றியது. 1898இல் ஆய்வு முடிவை வெளியிட்ட நைசர், நோய் தம் ஊசியால் வந்ததன்று, அவர்தம் தொழிலால் வந்ததே என்றார். அம்மகளிரைக் கேளாது விடுதற்கு இடந்தந்த எளிய நிலையே, பழியை அவர்மேற் சுமத்துதற்கும் கருவியாயிற்று.

செய்தித்தாள்கள் இதனை வெளிக்கொணர்ந்தன. பேராசிரியர் பெரும்பாலோர் நைசர் பக்கமே நின்றனர். ஆல்பர்ட் மோல் என்னும் பெர்லின் மருத்துவர் போன்ற சிலரே மாறுபட்டனர். 1900இல் ஒழுங்கு மன்றம் நைசருக்கு 300 மார்க்குத் தண்டம் விதித்தது. மருந்து தீங்கற்றதென அவர் நம்பியிருப்பினும், இசைவைக் கேட்டிருத்தல் வேண்டும் என்றது மன்றம். தண்டம் சிறிது, தீர்ப்பின் காரணம் பெரிது.

அவ்வாண்டு டிசம்பர் 29ஆம் நாள் பிரசிய அமைச்சர் மருத்துவமனைத் தலைவர்களுக்கு ஆணை விடுத்தார். நேரக்கூடிய தீங்குகளை விளக்கி, ஐயத்திற்கு இடமில்லாத இசைவு பெற்றாலன்றி ஆய்வு கூடாது. சிறாரிடத்து அறவே கூடாது. செய்தவை நோயாளர் குறிப்பேட்டில் பதியப்படல் வேண்டும் என்பன அதன் கூறுகள். ஆயினும் நோயறிதல், நோய்நீக்கல், தடுப்பு ஏற்றல் ஆகியவை ஆணைக்குப் புறம்பாக விடப்பட்டன. நைசர் செய்ததும் தடுப்பின் பெயராலன்றோ? அவர் செயலால் எழுந்த ஆணை, அவர் செயலையே தடுத்திருக்குமா என்பது ஐயத்திற்குரியது.

1930இல் லூபெக்கு நகரில், காசநோய்த் தடுப்பு மருந்தில் கொடிய கிருமி கலந்தமையால் 70க்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். 1931 பிப்ரவரியில் வெளியான அரசின் நெறிகள் புதிய மருத்துவ முறைகளையும் உள்ளடக்கின. ஒருவர்தம் வறுமை நிலையைப் பயன்படுத்திக்கொள்ளுதல் மருத்துவ அறத்திற்கு ஒவ்வாது என்றும் கூறின. பிரெசுலாப் பெண்களுக்கு அது காலங்கடந்து வந்த விடையாகும்.

இரண்டாண்டு நிறையுமுன் இட்லர் ஆட்சி வந்தது. தாக்கௌ முதலிய சிறைமுகாம்களில் கைதிகள் பனிநீரில் அமிழ்த்தப்பட்டு ஆராயப்பட்டனர். 1946 டிசம்பரில் நியூரம்பர்க்கில் தொடங்கிய வழக்கில் நின்ற 23 பேருள் 20 பேர் மருத்துவர்; 16 பேர் குற்றவாளிகளெனத் தீர்ப்பளிக்கப்பட்டனர்; எழுவர் தூக்கிலிடப்பட்டனர். அம்மன்றம் தன் தீர்ப்பில் பத்து விதிகளை வகுத்தது. அவற்றுள் முதலாவது இசைவைப் பற்றியதே. பிரசிய ஆணையைப் பற்றியோ 1931ஆம் ஆண்டு நெறிகளைப் பற்றியோ அப்பத்தில் ஒரு சொல்லும் இல்லை.