தார், ஜிம்னிக்கு பெரிய டயர் போடலாமா? கோலார் தங்கவயல் சயனைடு மேட்டில் ஓட்ட எது சரியான அளவு?

பெங்களூருவில் இருந்து சுமார் 100 கி.மீ. தூரத்தில் இருக்கிறது கோலார் தங்கவயல். 2018-ல் வந்த 'கே.ஜி.எஃப்.' படத்தில் நீங்கள் பார்த்த சாம்பல் நிறக் குன்றுகள்தான் இங்குள்ள சயனைடு மேடுகள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய கழிவு அது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. மேடுகள் அப்படியே நிற்கின்றன; இப்போது ஜீப்பும் பைக்கும் ஓட்டுபவர்களை இழுக்கின்றன.

ஆஃப்ரோடு ஆசையில் வண்டி வாங்கியதும் பலருக்கும் முதலில் கை போவது டயர் மேல்தான். "சைஸ் ஏத்துங்க சார், கெத்தா இருக்கும்" என்று கடையிலும் சொல்வார்கள். ஏற்றலாமா?

டயர் மேல் இருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன?

2020-ல் வந்த மஹிந்திரா தாரை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு வேரியண்டுக்கு 245/75 ஆர்16 டயர், இன்னொன்றுக்கு 255/65 ஆர்18. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

கணக்குப் போட்டால், 16 அங்குல ரிம்முக்கான டயரின் பக்கச்சுவர் சுமார் 184 மி.மீ. 18 அங்குலத்துக்கு 166 மி.மீ.தான். ஷோரூமில் 18 பெரிதாக, அழகாகத் தெரியும். ஆனால் மணலிலும் கல்லிலும் உங்களைக் காப்பாற்றுவது ரிம் இல்லை, அந்த ரப்பர் சுவர். காற்றைக் குறைக்கும்போது மடங்கிக் கொடுப்பதும், கல்லில் மோதும்போது ரிம் நெளியாமல் தாங்குவதும் அதுதான்.

அதனால் ஆஃப்ரோடுக்கு ரிம்மை ஏற்றாதீர்கள். முடிந்தால் இறக்குங்கள். ஒரே ஒரு நிபந்தனை: சின்ன ரிம் பிரேக் கேலிப்பரில் இடிக்கக் கூடாது. வாங்கும் முன் ஒரு சக்கரத்தை மாட்டி, கையால் சுற்றிப் பாருங்கள்.

எவ்வளவு வரை பெரிதாக்கலாம்?

கம்பெனி டயரின் மொத்த விட்டத்தில் இருந்து 3 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. மாருதி ஜிம்னியில் வருவது 195/80 ஆர்15; விட்டம் 693 மி.மீ. 215/75 ஆர்15 போட்டால் 704 மி.மீ. வித்தியாசம் ஒன்றரை சதவீதம், பிரச்னை இல்லை. ஆசைப்பட்டு 235/75-க்குப் போனால் 734 மி.மீ., கிட்டத்தட்ட 6 சதவீதம். ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது டயர் உரசலாம். எஞ்சின் இழுவையும் குறையும்.

இன்னொன்று, மீட்டர் பொய் சொல்லும். 16 அங்குல ரிம் உள்ள தாரில் 265/75 போட்டால், முன்பு 80 காட்டிய இடத்தில் இப்போது நிஜத்தில் 83-ல் போவீர்கள். டயர் கனமாக ஆக, பிரேக் பிடித்தால் நிற்கும் தூரமும் கூடும்.

டயரின் எடை தாங்கும் குறியீடு, கம்பெனி கொடுத்ததை விடக் குறையக் கூடாது (100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும்). சக்கரத்தை வெளியே தள்ளி நிற்க வைக்கும் ஆஃப்செட் ரிம்களையும் தவிருங்கள். பேரிங்தான் முதலில் போகும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்ற அனுமதிப்பதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அப்படிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்றாக இருக்கலாம்.

முரட்டுப் பட்டன் வேண்டுமா?

பெரிய பெரிய கட்டைகள் கொண்ட மட் டயர் சேற்றுக்குச் சரி. சயனைடு மேட்டின் மாவு மணலில் அது மண்வெட்டி மாதிரி தோண்டும். வண்டி ஏறுவதற்குப் பதில் இறங்கும். ஆல்-டெரெயின் டயரே போதும். காற்றை 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால், டயர் நீளமாகப் படிந்து மணல் மேல் மிதக்கும். அதற்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

டயர் தோண்டினால் சிக்குவது நீங்கள் மட்டும் இல்லை. மேட்டின் மேல் இறுகிக் கிடக்கும் படலம் உடைந்து, சிலிக்கா கலந்த தூசு கிளம்பும். காற்று அடிக்கும் மாதங்களில் அது கீழே இருக்கும் லைன் வீடுகளுக்குள் போகிறது. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் சுரங்க வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள். சிலிக்கா தூசு நுரையீரலை என்ன செய்யும் என்பது, சிலிகோசிஸைப் பார்த்த அந்த ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இதனால்தான், ஒரே இடத்தில் சக்கரம் சுற்றினால் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், காலை எடுத்துவிட்டு வந்த தடத்திலேயே ரிவர்ஸ் வாருங்கள்.

இது பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் நிலம் என்பதால் அனுமதி கேட்டே உள்ளே போக வேண்டும். மொத்தம் 13 மேடுகள், சுமார் 1,003 ஏக்கர். மிச்சத் தங்கத்தை எடுக்க இவற்றை ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024-ல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது.

வீடு திரும்பும்போது, தார் ரோட்டில் ஏறும் முன்பே காற்றை நிரப்பிவிடுங்கள். 15 பி.எஸ்.ஐ.யோடு நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் பக்கச்சுவர் சூடாகி டயர் வெடிக்கலாம். சிகரெட் லைட்டர் பாயிண்டில் மாட்டும் சின்ன கம்ப்ரசர் போதும். நாலு டயருக்கும் பிடிக்க அரை மணி நேரம் ஆகும். அதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.