எதெசாவின் பாடகியர்: திருவழிபாட்டில் பெண் குரலும் 'பண்டைய வழக்கம்' என்னும் வாதமும்

1903 நவம்பர் 22 அன்று, தேவாலய இசையைச் சீர்படுத்தத் திருத்தந்தை பத்தாம் பயஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். இசையின் பாதுகாவலர் எனக் கத்தோலிக்கர் போற்றும் புனித செசிலியாவின் திருநாள் அது. அதே ஆணைதான் பெண்களைப் பாடகர் குழுவிலிருந்து விலக்கியது. சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. பெண்ணின் குரல் மனத்தை மயக்கும் என்ற பழைய புகாரை அது எழுப்பவில்லை. ஆலயத்தில் பாடுவோர் மெய்யான வழிபாட்டுப் பணியை ஆற்றுகிறார்கள். அப்பணிக்குப் பெண்கள் உரியவர் அல்லர். உச்சக் குரல் வேண்டுமானால் திருச்சபையின் மிகப் பண்டைய வழக்கப்படி சிறுவர்களைப் பாடவைக்கலாம் என்றது.

எந்தப் பண்டைய வழக்கம்? நான்காம் நூற்றாண்டிலேயே இதற்கு ஒரே விடை கிடையாது. எருசலேம் ஆயர் சிரில், திருமுழுக்குப் பெறவிருந்த பெண்களுக்கு அளித்த அறிவுரையில், கன்னியர் உதடுகளை அசைத்து வேண்டலாம், ஒலி மட்டும் வெளியே கேட்கக் கூடாது என்றார். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 14ஆம் அதிகாரமே அவருக்கு ஆதாரம். பெண்கள் முக்காடிட்டு மன்றாடுவதையும் இறைவாக்குரைப்பதையும் அதே மடலின் 11ஆம் அதிகாரம் இயல்பாக எடுத்துக்கொள்வதை அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அதே நூற்றாண்டில், வடக்கே சுரியானி மொழி பேசிய நிசிபிஸ், எதெசா நகர்களில் நிலைமை நேர்மாறு. அங்கே பெண்கள் உரக்கப் பாடினார்கள். அதுவும் ஆலயத்துக்குள், ஊரார் முன்னிலையில்.

இந்த வழக்கத்தோடு இணைத்துப் பேசப்படுபவர் புனித எபிரேம். நிசிபிசில் பிறந்த அவர், 363இல் அந்நகரம் பாரசீகர் கைக்குப் போனபின் எதெசாவில் குடியேறி, 373இல் அங்கேயே இறந்தார். இறுதிவரை திருத்தொண்டராகவே இருந்தார். அவருடைய பாடல்களில் பெரும்பகுதி 'மத்ராஷா' என்னும் வகையைச் சேர்ந்தது. ஒருவர் கண்ணியைப் பாட, ஒவ்வொரு கண்ணிக்குப் பின்னும் குழு பல்லவியைத் திருப்பிப் பாடும். இதைப் பக்திப் பாடல் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அது பாட்டாக வந்த மறைக்கல்வி. எதெசாவில் பர்தைசான் என்னும் சிந்தனையாளர் 150 பாடல்கள் இயற்றித் தம் கொள்கையை இளைஞரிடையே பரப்பியதாக எபிரேமே குறைப்படுகிறார். பாட்டுக்குப் பாட்டாலேயே மறுமொழி தரவேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பு 'உடன்படிக்கையின் புதல்வியர்' எனப்பட்ட பெண்களிடம் வந்தது. மணம் துறந்து, மடத்துக்குள் அடைபடாமல், ஊருக்குள்ளேயே தங்கி ஆலயப் பணி செய்தவர்கள் இவர்கள்.

எபிரேமின் உயிர்ப்புப் பாடல் ஒன்று பெருவிழாவை மாலை கட்டுவதாகக் காட்டுகிறது. ஆயர் மறையுரையைத் தொடுக்கிறார், குருக்கள் தம் பணியை, திருத்தொண்டர்கள் வாசகங்களை, இளைஞர்கள் ஆர்ப்பரிப்பை, சிறுவர்கள் திருப்பாடல்களை. அந்த வரிசையிலேயே கற்புடைய பெண்கள் தம் பாடல்களைத் தொடுக்கிறார்கள். பெண்களின் பாடல் இங்கே விழாவுக்கு வெளியே நின்ற அலங்காரம் அன்று. ஆயரின் மறையுரையோடு ஒரே நாரில் கோத்த பூ.

எபிரேம் இக்குழுக்களைத் தொடங்கினார் என்பதற்கான விரிவான சான்று அவர் காலத்தது அன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அது ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிந்தியது: 521இல் இறந்த செரூகு யாக்கோபு, எபிரேமைப் புகழ்ந்து பாடிய மறையுரை. அதில் எபிரேம் பெண்களுக்கு இரண்டாம் மோசே; செங்கடலைக் கடந்த மிரியாமின் பாட்டு அவர்களுக்கு முன்மாதிரி. ஏவாளால் அடைபட்ட வாய் மரியாவால் திறந்தது என்கிறார் யாக்கோபு. இந்த உருவகங்களைவிட அவற்றை அடுத்து வரும் வாதமே வலுவானது. சகோதரர்கள் இறங்கிய அதே தண்ணீரில் நீங்களும் இறங்கினீர்கள்; அவர்கள் உண்ட உடலையே உண்டீர்கள், ஒரே கிண்ணத்தில் பருகினீர்கள்; பிறகு நன்றிப் பாடல் பாட மட்டும் ஏன் வாய்மூடி நிற்க வேண்டும்? எபிரேம் பெண்களிடம் கேட்பதாக யாக்கோபு அமைத்த வாதத்தின் சாரம் இது. ஒருவர் இவ்வளவு முனைந்து வாதாடுகிறார் என்றால், எதிர்த்தவர்களும் இருந்திருக்க வேண்டும்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு: பாடியவர்கள் துறவு வாழ்வை ஏற்றவர்கள், எல்லாப் பெண்களும் அல்லர், பாட்டை எழுதியதும் பயிற்றுவித்ததும் ஆண்கள். உண்மைதான். ஆயினும் யாக்கோபின் வாதம் துறவை அடித்தளமாகக் கொள்ளவில்லை. திருமுழுக்கும் நற்கருணையும் இல்லத்தரசிக்கும் உரியவை. பாடியவர் வெறும் வாயாக மட்டும் இருந்தார் என்பதும் ஐயத்துக்குரியது. சுரியானிக் கிறிஸ்தவ வரலாற்றை ஆராயும் சூசன் ஆஷ்புரூக் ஹார்வி இக்குழுக்களின் பாடலைச் சபைக்குக் கற்பிக்கும் பணியாகவே பார்க்கிறார். சுரியானி மரபின் உரையாடற் பாடல்களில் மரியா கபிரியேல் தூதரைக் கேள்விமேல் கேள்வி கேட்டு மடக்குகிறார். அகரவரிசையில் கண்ணிகள் மாறி மாறி வருவதால் இரு தரப்பாகப் பிரிந்து பாட ஏற்ற அமைப்பு. கேள்வி கேட்கும் அந்த மரியாவின் குரலைப் பெண்களே எடுத்துப் பாடியிருந்தால், கேட்டுக்கொண்டிருந்த சபைக்கு அது வெறும் இசையாக மட்டும் இருந்திருக்காது.

வழக்கம் சட்டத்திலும் ஏறியது. 676இல் கீழைத் திருச்சபையின் தலைவர் முதலாம் கிவர்கீசு வளைகுடாப் பகுதியில் கூட்டிய சங்கம், உடன்படிக்கையின் புதல்வியர் திருப்பாடல்களைக் கற்று ஆலய வழிபாட்டில் பாடவேண்டும் என்று விதித்தது. இடுகாட்டில் பாடுவதைத் தடுத்தது. எல்லை வகுத்தது என்பதே அந்தப் பணி நிலைபெற்றிருந்ததற்குச் சான்று.

பெண் திருத்தொண்டர் பணியின் கதை வேறு. வயதுவந்த பெண்கள் திருமுழுக்குப் பெறும்போது உடல் முழுதும் எண்ணெய் பூசப்பட்டது. ஆண் அதைச் செய்யலாகாது என்பதால் பெண் தொண்டர் தேவை என்கிறது மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாவின் திருச்சபை ஒழுங்கு நூலான 'தித்தஸ்காலியா'. 535இல் யுஸ்தினியான் பேரரசர் கான்ஸ்தாந்திநோபிள் பேராலயத்துக்கு 40 பெண் திருத்தொண்டர்களை அனுமதித்தார். பிறகு குழந்தைத் திருமுழுக்கு வழக்கமானது. பணிக்கான தேவை சுருங்கச் சுருங்கப் பதவியும் தேய்ந்தது. அது ஒன்றே காரணம் அன்று என்றாலும் ஒரு முக்கியமான காரணம். பாடகியருக்கு இந்த இடர் இல்லை. சபை கூடும்வரை பாட்டு வேண்டும்.

ஆக, பத்தாம் பயசும் சுரியானித் திருச்சபையும் ஒரு முற்கோளில் ஒத்துப்போகிறார்கள்: ஆலயத்தில் பாடுவது வழிபாட்டுப் பணி. அதிலிருந்து ஒருவர் பெண்ணை விலக்கினார். மற்றவர் அப்பணியைப் பெண்ணிடம் ஒப்படைத்தார். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், பெண் துறவியர் தம் சொந்த ஆலயத்தில் பாடினாலும் மக்கள் கண்ணில் படாத இடத்திலிருந்தே பாடவேண்டும் என்றது. மூன்றே ஆண்டில், 1920இல், பெண்களை ஊரறியப் பாடவைத்தவராக மரபு கொண்டாடும் எபிரேமை உரோமை 'திருச்சபையின் மறைவல்லுநர்' என்று அறிவித்தது. இந்த முரண் அன்று யாரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

பிறகு கதவு படிப்படியாகத் திறந்தது. 1955இல் பன்னிரண்டாம் பயஸ், பீடப்பகுதிக்கு வெளியே பெண்களும் பாடலாம் என்றார். 1994இல் சிறுமியர் பீடப்பணி செய்ய இசைவு வந்தது. 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் வாசகர், பீடத்துணைவர் பணிகளை நிலையான பணிகளாகப் பெண்களுக்கும் திறந்துவிட்டார். அவர் காட்டிய அடிப்படை, ஆண் பெண் இருபாலருக்கும் பொதுவான திருமுழுக்கு. கிழக்கில் யாக்கோபு ஆறாம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்ட காரணம்தான் அது. 

யாக்கோபின் வாதம் குருத்துவம் வரை நீளவில்லை. 2021இல் பிரான்சிஸ் இம்மாற்றத்தை விளக்கி எழுதிய மடலும் அந்தக் கோட்டைத் தெளிவாகவே வரைகிறது. எனவே குருத்துவத்தைப் பற்றி எந்தத் தரப்பும் எதெசாவைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. ஆனால் வாசிக்கவும் பாடவும் கற்பிக்கவும் முன்வரும் பெண்ணிடம் 'பண்டைய வழக்கம் அன்று' என்பவர், எருசலேமை எடுத்துக்கொண்டு எதெசாவை ஏன் விட்டார் என்பதை விளக்கியாக வேண்டும்.