துரை பங்களாவின் புகைக்கூடு

மாத்தளைப் பக்கம் பழைய தோட்டத்துப் பங்களாவை வாங்குகிறவர்கள் முதலில் கைவைக்கச் சொல்வது குசினியில்தான். பான்ட்ரி கபட் அடிக்க வேண்டும், காஸ் குக்கருக்கு மேடை கட்ட வேண்டும். சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்தள்ளி நிற்கும் புகைக்கூடு அவர்களுக்கு இடைஞ்சல். "பாஸ், இத எடுத்துடலாம்தானே?" என்பார்கள். எடுக்கலாம். அது என்ன பாரத்தைத் தாங்குகிறது, யாருக்காகக் கட்டப்பட்டது என்று அறிந்து எடுத்தால் நல்லது. நான் மேசன் வேலை பழகியது அப்பாவிடம். அவர் பழகியது தோட்டத்தில்.

இந்த மலைகளில் முதலில் இருந்த குசினிகளில் புகைக்கூடே இல்லை. சிங்களக் கிராமத்து வீட்டுக்கு இலுக்குப் புல் கூரை. புகை அதனூடே கசிந்து போய்விடும். போகிற வழியில் கூரையில் பூச்சி அண்டாமலும் பார்த்துக்கொள்ளும். அடுப்புக்கு மேலே தும்மெஸ்ஸ என்ற பரணில் கொறுக்காப்புளியும் பலாக்கொட்டையும் காயும். அந்த வீட்டுக்காரருக்குப் புகையை வெளியே துரத்த அவசரமில்லை.

கோப்பி வந்தபிறகு கதை மாறியது. தோட்ட வேலைக்கென்று மன்னார்க் கரையில் இறங்கிய நம் ஆட்கள் தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து மாத்தளைக்கு ஏறினார்கள். வந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது மண்சுவரும் புல்கூரையும். பின்னால் கல்சுவர் லயங்கள் எழுந்தன. கூரைக்குத் தகரம் வந்தது. மழைக்குத் தகரம் நல்லதுதான். ஆனால் புல்லைப்போல் அது புகையை விடாது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, ஒரு கதவு. முதுகோடு முதுகு ஒட்டிய லயமென்றால் பின்பக்கம் ஜன்னல் வைக்கவும் வழியில்லை. அதற்குள்ளோ இஸ்தோப்பிலோ அடுப்பு. எரிப்பது கவ்வாத்து மிளாறு. ஈர மிளாறு கக்கும் புகை தகரத்தில் முட்டித் திரும்பி, சமைப்பவளின் கண்ணுக்கும் தொட்டில் பிள்ளையின் மூச்சுக்கும் வந்தது.

கோப்பிச்செடியில் இலைத்துரு நோய் 1869இல் காணப்பட்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி படுத்துவிட்டது. மேட்டில் தேயிலையும் பள்ளத்தில் கொக்கோவும் ஏறின. கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880இல் ரயில் வந்ததால் இரும்பும் தகரமும் ஏற்றி இறக்குவது லேசானது. நான் உடைத்த ஒரு குசினியில் அடுப்பு வாய்க்கு மேலே லிண்டலாகக் கிடந்தது பழைய தண்டவாளத் துண்டு.

பங்களாவை வெளியே நின்று பார்த்தே அதன் உயரத்தை ஊகிக்கலாம். எல்கடுவை, ரத்தோட்டைக்கு மேலே குளிர் அதிகம். அங்கே ஹாலில் கணப்பு, குசினியில் அடுப்பு என்று கூரைக்கு மேல் இரண்டு மூன்று கூடுகள் நிற்கும். உக்குவளைப் பக்கம் கொக்கோத் தோட்டத்தில் யார் கணப்பு மூட்டப் போகிறார்கள்? அங்கே நான் பார்த்ததெல்லாம் குசினிக்கு மட்டும் ஒன்று.

வேலை செய்த தோட்டங்களில் நான் கண்ட ஒழுங்கு இது: துரை பங்களாவுக்குப் பெரிய கூடு, கிளாக்கர், டீமேக்கர் குவார்ட்டர்ஸுக்குச் சின்னக் கூடு, லயத்துக்கு ஒன்றுமில்லை. கட்டத் தெரியாமல் விட்டதில்லை இது. பங்களாவுக்குக் கூடு எழுப்பிய கைகள் லயத்திலிருந்துதான் வந்தன. கல்லும் அதே ஓடைக்கல், சுண்ணாம்பும் இந்த மாவட்டத்துச் சூளையில் வெந்தது. நல்ல மூச்சுக்கும் தோட்டத்தில் தராதரம் இருந்தது.

இனி உடைக்கும் விஷயம். குசினிக்குள் தெரிவது பாதிதான். அதே கட்டு அட்டாலிக்குள் ஏறி, கூரை முகட்டையும் தாண்டி நிற்கிறது. முகட்டுக்குக் கீழே நின்றுவிட்டால் காற்று புகையைத் திருப்பி அடிக்கும், அதற்காகத்தான் அந்த உயரம். கீழே இடத்துக்காக வெட்டினால் மேலே உள்ள பாரம் அந்தரத்தில் தொங்கும். ஒன்றில் மேலிருந்து கீழாக முழுவதையும் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் பொறியியலாளர் ஒருவரிடம் காட்டி இரும்பு உத்தரம் கொடுக்க வேண்டும். வெட்டாமல் வாயை மட்டும் அடைக்கிறவர்கள் உச்சியில் மழை மூடி வைத்து, கீழே காற்றுக்கண் விட வேண்டும். வடகீழ் மழைக்காலத்தில் அடைபட்ட கூடு ஈரம் குடிக்கும். பல வருடப் புகைக்கரியின் உப்பு, புதுப் பெயின்டைத் துளைத்து மஞ்சள் கறையாக வெளியே வரும். சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். சுண்ணாம்பில் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே நல்லது.

என்னைக் கேட்டால், உடைக்காமல் அந்த வாய்க்குள்ளேயே குக்கரை வைத்து, ஹூட்டின் குழாயைப் பழைய கூட்டுக்குள் மேலே ஏற்றிவிடுங்கள் என்பேன். இரண்டு பக்கக் குழிவிலும் கபட் அழகாக உட்காரும். 2022இல் காஸ் சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்றபோது, கூட்டை உடைக்காத வீடுகளில் விறகு அதே வாயில் எரிந்தது. உடைத்தவர்கள் பின்பக்கம் தகரம் சாய்த்து, லயத்து அடுப்பைப் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள்.

1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் கைமாறின. ஆனாலும் லயத்து அடுப்பு இருந்த இடத்தில் இருந்தது. இப்போது எங்கள் ஆட்கள் தனிவீடு கட்டும்போது பிளானில் குசினி இருக்கிறது, புகைக்கூடு இல்லை. செலவு கூடுமாம். விறகு எரிக்கப்போகிற வீடென்றால் நான் விடுவதில்லை. டைல்ஸைப் பிறகு பதிக்கலாம், கூட்டை அத்திவாரத்தோடு எழுப்பினால்தான் உண்டு என்று சொல்லி, முதல் நாளே அதற்குக் குறி போட்டுவிடுகிறேன்.