நத்தம் என்னும் வெற்றிடம்: திருவள்ளூர் வட்டார நில அளவையின் வரலாறு

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்து ஊராட்சிகளின் வீட்டுவரிக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் கணினி வரைபடம் தேவைப்படும் இக்காலத்திலும், அதற்கு அடித்தளமாகக் கிடைப்பது நிலவரிக்காக வரையப்பட்ட பழைய அளவையே ஆகும். ஆகவே அந்த அளவை எதை அளந்தது, எதை அளக்காமல் விட்டது என்பதை அறியாமல் இன்றைய வரைபடத்தின் குறைகளை விளங்கிக்கொள்ள இயலாது.

இவ்வட்டாரத்தையும் உள்ளடக்கி ஆற்காட்டு நவாபு முகமது அலி 1763-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்த நிலப்பரப்பு, பிற்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டம் ஆயிற்று. அதைத் தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை அளந்தார். ஏறத்தாழ 2,000 ஊர்களைத் தழுவிய அக்கணக்கில் ஏரி, குளம், தோப்பு, மானியம், மிராசுப் பங்கு ஆகியவற்றுடன் எந்தச் சாதிக்கும் தொழிலுக்கும் எத்தனை வீடுகள் என்பதும் பதிவாயிற்று. ஒவ்வொரு வயலின் வடிவையும் காட்டும் படம் அதில் இல்லை என்றாலும், ஊரில் மனிதர் வாழ்கின்றனர் என்னும் செய்தியைப் பின்வந்த அளவைகளைவிட அது மதித்தது என்றே சொல்ல வேண்டும்.

1858-ல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய ரயத்துவாரி அளவை, உழவரிடமே நேராக நிலவரி வாங்குவதற்கானது ஆதலால், வயலையே மையமாகக் கொண்டது. ஒரு சர்வே எண்ணுக்குரிய நிலத்தை மூலைக்கோடுகளால் முக்கோணங்களாகப் பிரித்து, அக்கோடுகளிலிருந்து வரப்பின் வளைவு ஒவ்வொன்றுக்கும் உள்ள செங்குத்துத் தொலைவை 66 அடிச் சங்கிலியால் அளந்து, வளைவுகளில் கல் நட்டு, எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்தனர். இத்தாளே புலப்படம். வரி தரும் வயலுக்கு இத்தனை நுட்பம் காட்டிய அளவையர், குடியிருப்பு நிலமாகிய கிராம நத்தத்துக்கு நிலவரி இல்லாததால் அதைப் பெரும்பாலும் ஒரே எண்ணின்கீழ் ஒரு வெற்றுப் பரப்பாக விட்டுச் சென்றனர். வீட்டுக்கு வீடு எல்லை காட்டும் நத்தம் அளவையும் நத்தம் பட்டாவும் இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் வந்தன. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி வீட்டுவரி ஊராட்சிக்கு உரியது. அதாவது ஊராட்சிக்கு வருவாய் தரும் இடமும் அரசின் வரைபடம் நெடுங்காலம் பாராமல் விட்ட இடமும் ஒன்றே.

இன்றைய கணினி வரைபடத்துக்கு அடிப்படை, கனடா நாட்டின் நிலவளத்தைக் கணக்கிடுவதற்காக 1960-களில் ரோஜர் டாம்லின்சன் வடிவமைத்த அமைப்பை முன்னோடியாகக் கொண்ட புவியியல் தகவல் அமைப்பு. அதில் ஓர் இடத்தின் வடிவம் அட்ச தீர்க்கரேகைகளால் குறிக்கப்பட்டு, உரிமையாளர், பயன்பாடு, வரி முதலிய விவரங்கள் அதனோடு பிணைக்கப்படுகின்றன. சாலை, ஏரி, வீடு என அடுக்கடுக்காகப் பரப்பி, ஏரிக்கரையை ஒட்டிய கட்டடங்கள் எவை என்பது போன்ற கேள்விகளை அதனிடம் கேட்கலாம். தமிழ்நாட்டில் பட்டாவும் சிட்டாவும் ‘தமிழ்நிலம்’ மென்பொருளிலும், புலப்படங்கள் தேசியத் தகவலியல் மையத்தின் ‘கொலாப்லேண்ட்’ மென்பொருளிலும் ஏற்றப்பட்டன. ஆனால் பழைய புலப்படத்தில் அட்ச தீர்க்கரேகைகள் இல்லை. அதிலுள்ள நீளங்கள் அந்த ஒரு வயலுக்குள் மட்டுமே பொருந்துவன. எனவே அடுத்தடுத்த தாள்களைச் சேர்த்துச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தும்போது விளிம்புகள் ஒட்டுவதில்லை; கல் பெயர்ந்தும் வரப்பு கரைந்தும் போன இடங்களில் வேறுபாடு இன்னும் மிகுதி. கள அளவையின்றி இதைக் கணினியால் மட்டும் தீர்க்க முடியாது.

தொழிற்பேட்டைகளின் வரலாற்றில் இன்னொரு சிக்கல் தெரிகிறது. 1971-ல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் அமைத்த தொழிற்பேட்டைக்குப் பின், அருகிலுள்ள தேர்வாய்க்கண்டிகையிலும் ஒரு தொழிற்பூங்கா வந்தது. வருவாய்ப் பதிவேட்டில் மேய்க்கால், அதாவது மேய்ச்சல் நிலம், எனப்பட்ட அந்நிலத்தை ஊரார் தங்கள் காடாகவே கொண்டு பயன்படுத்திவந்தமையால், திட்டத்தை எதிர்த்துப் போராடினர். வரைபட அடுக்கில் அந்நிலம் எவ்வாறு தோன்றும் என்பதைப் பதிவேட்டின் ஒரு சொல்லே முடிவு செய்கிறது. படம் எத்தனை துல்லியமாயினும் அச்சொல்லைத் திருத்தும் ஆற்றல் அதற்கு இல்லை. 2020-ல் தொடங்கப்பட்ட தேசியத் தொழில் நில வங்கி, முதலீட்டாளர் காலி மனைகளை இணைய வரைபடத்தில் பார்க்க வழி செய்தது. மேய்ச்சல் வழியையும் ஓடையையும் தேடும் ஊராருக்கு அதே அளவு வசதி அதில் இல்லை.

கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வரையுள்ள பகுதிகளின் விரிவான நிலப்படங்களைப் பொதுமக்கள் பெறுவதற்கு நெடுங்காலம் கட்டுப்பாடு இருந்ததால், பழவேற்காட்டை அடுத்த இவ்வட்டாரத்தில் படம் என்பதே அலுவலகப் பொருளாக இருந்தது. 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை அதைத் தளர்த்தியது. 2021 பிப்ரவரியில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் மேலும் தளர்த்தின. அதற்கடுத்த ஆண்டு சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டபோது, திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி பெருநகரத் திட்டமிடலுக்குள் வந்தது. நத்தமும் புறம்போக்கும் வயலும் அடுத்தடுத்துக் கிடக்கும் ஊராட்சிகளுக்கு நிலப்பயன்பாட்டுப் படம் வரைவோர் முதலில் எடுக்க வேண்டியிருப்பது வட்டாட்சியர் அலுவலகத்தின் புலப்படங்களைத்தான்.