ஒரு கார்டும் ஆறு மாசக் கச்சேரியும்

ஜாஸ் பத்தி எழுதினா பாதிப் பேர் ஓடிடுவீங்கன்னு தெரியும். கொஞ்சம் இருங்க. இதுல போலீஸ், ஜெயில், கைரேகை எல்லாம் வருது.

எனக்கு இசை இலக்கணம் தெரியாது. கேட்பேன், அம்புட்டுதான். ஆனா ஒரு விஷயம் பல வருஷமா மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு. 1957-ல் நியூயார்க்கில் ஒரு சின்ன பாரில் ஜூலையில் ஆரம்பித்து டிசம்பர் கடைசி வரை நடந்த கச்சேரிகள். பியானோவில் தெலோனியஸ் மங்க், டெனர் சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன். ஜாஸ் வரலாறு எழுதுறவங்க யாரும் இதைச் சொல்லாம தாண்டிப் போறதில்ல. அப்படிப்பட்ட கச்சேரியில், அந்த பாருக்குள்ள அந்த ஆறு மாசத்தில் பதிவு செஞ்சதுன்னு வெளிவந்த ஒலித்தட்டு ஒண்ணுகூடக் கிடையாது!

இடத்தின் பெயர் ஃபைவ் ஸ்பாட். பவரி பகுதியில் கூப்பர் ஸ்கொயர், 5-ஆம் எண். டெர்மினி சகோதரர்கள், ஜோ, இக்கி ரெண்டு பேரும் நடத்திய பார். பவரின்னா அந்தக் காலத்தில் குடிகாரர்களும் வீடில்லாதவர்களும் விழுந்து கிடக்கும் தெரு. தலைக்கு மேலே ஓடிக்கிட்டிருந்த மூன்றாவது அவென்யூ ரயில் 1955-ல் நின்னுபோச்சு, பாலத்தையும் பிரிச்சுட்டாங்க. தெருவில் வெயில் விழ ஆரம்பிச்சது. வாடகை குறைவுன்னு ஓவியர்கள் வந்து சேர்ந்தாங்க. வில்லெம் டி கூனிங், ஃபிரான்ஸ் கிளைன் மாதிரி ஆட்கள் எல்லாம் இங்கே பீர் குடிச்சவங்கதான். சுவரெல்லாம் ஓவியக் கண்காட்சி போஸ்டர்கள். 1956 கடைசியில் சிசில் டெய்லர் வந்து வாசிச்சதிலிருந்து இசைக்கும் பேர் வாங்கிடுச்சு.

இப்ப கார்டு கதைக்கு வருவோம். நியூயார்க்கில் 1940-லிருந்து ஒரு விதி. மது விற்கும் இடத்தில் பாடவோ வாசிக்கவோ வேணும்னா போலீஸ்கிட்ட 'காபரே கார்டு' வாங்கணும். (காபரேன்னதும் நம்ம பழைய படத்து கிளப் டான்ஸை நினைக்காதீங்க!) கைரேகை வெச்சு வாங்கணும். வழக்கு கிழக்குன்னு வந்தா பிடுங்கிடுவாங்க. கார்டு இல்லைன்னா கிளப்பில் வேலை இல்லை. ஜாஸ்காரனுக்குக் கிளப்பில் வேலை இல்லைன்னா அப்புறம் என்ன இருக்கு?

1951 ஆகஸ்டில் மங்க்கும் அவர் நண்பரான இன்னொரு பியானோ மேதை பட் பவலும் ஒரு காரில் இருந்தப்ப போலீஸ் சோதனை போட்டது. ஹெராயின் பொட்டலம் சிக்கிச்சு. அது தன்னுடையதில்லைன்னு மங்க் சொன்னார். யாருடையதுன்னு மட்டும் சொல்லலை. நண்பனைக் காட்டிக் கொடுக்காததுக்கு விலை 60 நாள் சிறை. கூடவே கார்டும் போச்சு. அதுக்கப்புறம் ஆறு வருஷம் சொந்த ஊர் கிளப்புகளில் அவரால உக்காந்து வாசிக்க முடியலை. ரெக்கார்டிங் போகலாம், கச்சேரி அரங்கில் வாசிக்கலாம், வெளியூர் போகலாம். ஆனா அதெல்லாம் தினசரி சோறு போடாது. மனைவி நெல்லி வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினார். இந்த நெல்லிக்கு 1957 மே மாசம் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்த நேரத்தில்தான் மங்க் அவர் பேரில் ஒரு மெட்டு போட்டார், 'கிரெபஸ்க்யூல் வித் நெல்லி'. அதில் யாரும் தனியா விரிச்சு வாசிக்கிற இடமே கிடையாது, மெட்டு மட்டும்தான். கேட்டுப் பாருங்க.

மங்க்குடைய மேனேஜர் ஹாரி காலம்பி, பள்ளிக்கூட வாத்தியார். அவரும், ராத்ஸ்சைல்ட் வம்சத்தில் பிறந்த நிகா சீமாட்டியும் போராடி 1957-ல் கார்டைத் திரும்ப வாங்கிக் கொடுத்தாங்க. ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினத்தன்று மங்க் ஃபைவ் ஸ்பாட்டில் உக்காந்தார். வயசு 39.

கோல்ட்ரேன் சில நாள் கழிச்சு சேர்ந்தார். அவருக்கும் அது சோதனையான வருஷம். ஹெராயின் பழக்கத்தால் ஏப்ரலில் மைல்ஸ் டேவிஸ் குழுவிலிருந்து வெளியே அனுப்பப்பட்டு, மே மாசம் பிலடெல்பியாவில் அம்மா வீட்டில் பல்லைக் கடிச்சுக்கிட்டு அதிலிருந்து மீண்டவர். மங்க் வீடு மேற்கு 63-ஆம் தெருவில். கோல்ட்ரேன் காலையில் போய் அவரை எழுப்புவாராம். மங்க் எழுந்து பியானோவுக்குப் போய் ஏதாவது மெட்டை வாசிப்பார். இவர் சாக்ஸபோனில் அதைப் பிடிக்கப் பார்ப்பார். தடுமாறினா அந்த இடத்தை மறுபடி வாசிச்சுக் காட்டுவார். அவ்வளவுதான் பாடம். நோட்டுப் புத்தகத்தைக் கடைசியாத்தான் எடுப்பார். கேட்டே பிடிக்கட்டும்னு விட்டுடுவார். இதைப் படிச்சதும் எனக்கு நம்ம குருகுலவாசம்தான் ஞாபகம் வந்துச்சு.

மேடையில் இன்னொரு கூத்து. கோல்ட்ரேன் தனியா வாசிக்க ஆரம்பிச்சதும் மங்க் பியானோவை விட்டு எழுந்து ஆட ஆரம்பிச்சிடுவார். கை காலை அசைச்சு சுத்திச் சுத்தி ஒரு ஆட்டம். சிலர் இதைக் கோமாளித்தனம்னு நினைச்சாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, பியானோ நின்னுட்டா சாக்ஸபோன்காரனுக்குப் பின்னாடி இருக்கிறது பேஸும் டிரம்ஸும் மட்டும்தான். சுருதி சொல்ல ஆளில்லை, தடுக்கவும் ஆளில்லை. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எந்தத் திசையிலும் போகலாம். கோல்ட்ரேன் போனார். மங்க் வாசிக்கும்போது கொஞ்சம் கவனம் தப்பினா, லிஃப்ட் இருக்குன்னு நினைச்சு வெறும் குழியில் கால் வைக்கிற மாதிரி இருக்கும்னு பின்னால் சொன்னார். பிற்காலத்தில் அவரிடம் நாம் கேட்கும் நீண்ட வாசிப்புக்கும், ஒரே மூச்சில் கொட்டும் சுரங்களுக்கும் இங்கேதான் உரம் போடப்பட்டதுன்னு நான் நினைக்கிறேன்.

அப்ப ஏன் யாரும் பதிவு பண்ணலை? மங்க் ரிவர்சைடு கம்பெனி, கோல்ட்ரேன் பிரெஸ்டீஜ் கம்பெனி. ஒப்பந்தத் தகராறு. ஸ்டூடியோவில் நால்வரும் சேர்ந்து வாசிச்ச மூணே மூணு பாட்டு 1961-ல்தான் வெளிவந்தது.

1993-ல் ஒரு குறுந்தகடு வந்தது. கோல்ட்ரேனின் மனைவி நயீமா ஃபைவ் ஸ்பாட்டில் பதிவு செஞ்ச டேப்பிலிருந்து எடுத்தது. 1957 பதிவுன்னு நினைச்சு நானும் புல்லரிச்சுப் போய்த்தான் கேட்டேன். அப்புறம் பார்த்தா அது 1958 செப்டம்பர். அப்ப மங்க்கோட வாசிச்சுக்கிட்டிருந்த ஜானி கிரிஃபினுக்குப் பதிலா கோல்ட்ரேன் ஒரு நாள் வந்து வாசிச்சது! அசடு வழிஞ்சது தவிர வேற நஷ்டமில்லை :-)

2005 ஆரம்பத்தில்தான் புதையல் கிடைச்சது. வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் லாரி ஆப்பிள்பாம் என்பவர் 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலியின் பழைய டேப்புகளைக் கணினிக்கு மாற்றிக்கிட்டிருந்தார். ஒரு பெட்டி மேல் கார்னகி ஹால் ஜாஸ் 1957-ன்னு எழுதியிருந்தது. ஓட விட்டா மங்க்கும் கோல்ட்ரேனும்! நவம்பர் 29, வெள்ளிக்கிழமை, ஹார்லெமின் ஒரு சமூக நிலையத்துக்கு நிதி திரட்ட ஒரே இரவில் ரெண்டு காட்சி நடந்திருக்கு. வானொலிக்காகப் பதிவு செஞ்ச டேப் 47 வருஷம் அலமாரியில் தூங்கியிருக்கு. அதே வருஷம் வெளியிட்டாங்க, 50 நிமிஷத்துக்குச் சற்று மேல். கிட்டத்தட்ட அஞ்சு மாசம் பாரில் ராத்திரி ராத்திரி வாசிச்சுப் பழகின கைகள். கண்ணால் பேசிக்கிறாங்கன்னு காதிலேயே தெரியும். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து நிக்கும்.

அந்த ராத்திரி நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் இன்னொரு பெயர் இருக்கு. பில்லி ஹாலிடே. 1947-ல் அவருக்கும் கார்டு போச்சு. மங்க்குக்குத் திரும்பக் கிடைச்சது (1958-ல் டெலவேரில் போலீஸ் அவரை அடிச்சு, கார்டு மறுபடியும் போனது தனிக்கதை). பில்லிக்குக் கிடைக்கவே இல்லை. கார்னகி ஹால் கச்சேரி அரங்கு, அங்கே கார்டு கேட்க மாட்டாங்க. அதனால அன்னிக்கு ஆயிரக்கணக்கான பேருக்கு முன்னாடி அவர் பாட முடிஞ்சது. அங்கிருந்து இறங்கி ஃபைவ் ஸ்பாட்டுக்கு வந்து வேலைக்குன்னு ஒரு பாட்டுப் பாடினால் சட்ட விரோதம். 1959 ஜூலையில் செத்துப்போனார், வயசு 44. கார்டு முறையை நகரம் எடுத்தது 1967-ல்.